பாட்டா: ஒரு ஊரையே வகுப்பறை ஆக்கியவர்



முதல்ல ஒரு சின்னக் கேள்வி. பாட்டா எந்த நாட்டுக் கம்பெனி?

ஹாஸ்டல்ல இதைக் கேட்டப்போ பாதிப் பேர் யோசிக்காம இந்தியான்னு சொன்னாங்க. தப்பே இல்லை. ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிறதுக்கு முந்தின வாரம், அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போய்க் கறுப்பு ஷூ வாங்கின கடை அது. விலைச்சீட்டுல ரூபாய் முழுசா இருக்காது, 99-ல முடியும். வீட்ல அதுக்கு பாட்டா விலைன்னே பேரு. இவ்வளவு நெருக்கமான பேர் நம்ம ஊர்ப் பேராத்தான் இருக்கணும்னு நினைக்கிறது இயல்புதான்.

ஆனா பாட்டா என்பது ஒரு மனிதரோட குடும்பப் பெயர். செக் நாட்டுக்காரர். தோமாஷ் பாட்டா. அவங்க ஊர் உச்சரிப்பில் கிட்டத்தட்ட ‘பாத்யா’ என்று வரும். அவர் ஷூ செய்த கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். இந்த இதழில் நான் சொல்ல வந்தது அவர் ஆள் செய்த கதை. அதாவது, ஒரே ஒரு தொழிலை நம்பி நின்ற ஒரு சின்ன ஊரில், பதினாலு வயசுப் பசங்களைத் தொழிலாளியாகவும் படித்தவனாகவும் ஒரே நேரத்தில் ஆக்கப் பார்த்த கதை. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அந்தக் கதைதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

தோற்றுத் திரும்பிய பையன்

1876ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, ஸ்லீன் என்ற ஊரில் தோமாஷ் பிறந்தார். அப்போது செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே கிடையாது. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் மொராவியா பகுதியில், மலைகளுக்கு நடுவே சில ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த சின்ன ஊர் அது. அப்பா செருப்புத் தைப்பவர். தாத்தாவும் அதேதான். பல தலைமுறையாக அந்த வீட்டில் வேறு தொழில் இல்லை.

தோமாஷ் பள்ளிப் படிப்பைத் தாண்டிப் போகவில்லை. சின்ன வயதிலேயே அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து தோல் வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொண்டார். மீசை முளைக்கும் முன்பே வியன்னாவுக்குப் போய்த் தனியாகத் தொழில் பண்ணப் பார்த்தார். ஊத்திக்கிச்சு. திரும்பி வந்தார்.

1894இல் அண்ணன் அன்டோனின், அக்கா அன்னா, தோமாஷ் மூன்று பேரும் சேர்ந்து ஸ்லீனில் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். இறந்துபோன அம்மாவின் சொத்திலிருந்து வந்த பணம்தான் முதல். ஒரே வருஷத்தில் கடன் கழுத்து வரை வந்துவிட்டது. தோல் வாங்கக் காசில்லை. அப்போது தோமாஷ் எடுத்த முடிவு, தோலுக்குப் பதிலாகத் துணி. மேலே கேன்வாஸ், கீழே தோல் சோல். எடை குறைவு, விலையும் குறைவு. ஏழைகள் வாங்கினார்கள். கம்பெனி பிழைத்தது.

நம்ம மெட்டீரியல்ஸ் பேப்பரில் மாற்றுப் பொருள் தேர்வு என்று ஒரு தலைப்பு வருமே, அதை அவர் கையில் காசில்லாத காரணத்தால் கற்றுக்கொண்டார்.

அமெரிக்காவில் ஒரு கூலிக்காரர்

1904இல் தோமாஷ் தன் தொழிலாளர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். முதலாளியாகப் போய்ச் சுற்றிப் பார்க்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊரில், ஒரு ஷூ ஃபேக்டரியில் சாதாரணக் கூலியாளாக வேலைக்குச் சேர்ந்தார். லின் அந்தக் காலத்தில் ஷூவுக்கே பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு ஷூ ஃபேக்டரி.

அங்கே அவர் பார்த்த மெஷின்கள் ஒரு பக்கம். அந்த மெஷினை ஓட்டும் மனிதர்களைப் பார்த்ததுதான் அவரை அதிகம் யோசிக்க வைத்தது. ஸ்லீனில் ஒரு செருப்புத் தொழிலாளி ஒரு ஷூவை முழுதாகத் தைப்பார், அழகாகவும் தைப்பார். ஆனால் மெஷின் ரிப்பேர் ஆனால் கையைக் கட்டி நிற்பார். கணக்குத் தெரியாது. அவசரமும் கிடையாது. மெஷினை மட்டும் வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடலாம். அதை ஓட்டும் பழக்கத்தை எப்படி ஏற்றுவது? இந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினார். இதற்கு அவர் ஒரு பதிலைக் கண்டுபிடிக்க இருபது வருஷம் ஆனது.

இடையில் நிறைய நடந்தது. 1906இல் அவர் ஃபேக்டரியில் ஸ்ட்ரைக் வந்தது. சங்கத்தில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார். 1908இல் அண்ணன் இறந்துபோனார். முதல் உலகப்போரில் ராணுவத்துக்குப் பூட்ஸ் செய்யும் ஆர்டர் கிடைத்து, கம்பெனி பல மடங்கு பெரிதானது. போர் முடிந்ததும் பேரரசு உடைந்தது, புது நாடு பிறந்தது, மார்க்கெட் சுருங்கியது.

1922இல் பெரிய அடி. செக் நாணயத்தின் மதிப்பு திடீரென ஏறியதால் ஏற்றுமதி படுத்துவிட்டது. கிடங்கு நிறைய ஷூ, வாங்க ஆளில்லை. மற்ற முதலாளிகள் ஆள் குறைத்தார்கள். தோமாஷ் செப்டம்பர் 1ஆம் தேதி ஷூ விலையை அப்படியே பாதியாக்கினார். ஊர் முழுக்க போஸ்டர். விலைவாசி என்ற வார்த்தையை ஒரு கைமுஷ்டி நசுக்குகிற மாதிரிப் படம். கூட்டம் அள்ளியது.

ஆனால் அதே நாளில் தொழிலாளர் சம்பளத்தையும் 40 சதவீதம் வெட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்லணும். பதிலுக்கு அரிசி பருப்பு மாதிரி அவர்கள் ஊர்ச் சாமான்களையும் துணியையும் கம்பெனிக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பாராட்டுவதா திட்டுவதா என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அடுத்த வருஷமே, 1923இல், ஸ்லீன் நகர மேயராகவும் ஆனார். இனி ஊரும் ஃபேக்டரியும் ஒருவர் கையில்.

ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு கடை

இப்போ கொஞ்சம் கவனமாப் படிங்க. இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் ஆரம்பிக்குது.

1924 வாக்கில் தோமாஷ் தன் ஃபேக்டரியைச் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. தோல் வெட்டும் பிரிவு, வெட்டிய துண்டுகளைத் தையல் பிரிவுக்கு ஒரு விலைக்கு ‘விற்கும்’. தையல் பிரிவு அதை அடுத்த பிரிவுக்கு விற்கும். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எந்த ஒர்க்‌ஷாப் லாபம், எது நஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். லாபத்தில் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதை நடத்த எப்படிப்பட்ட ஆள் வேண்டும்னு யோசிச்சுப் பாருங்க. மெஷின் தெரியணும். தோல் தெரியணும். வரவு செலவு எழுதத் தெரியணும். வெளிநாட்டுக்கு விற்பதால் இன்னொரு மொழியும் தெரிந்தால் நல்லது. பழைய செருப்புத் தொழிலாளிக்குத் தோல் தெரியும், கணக்குப் புத்தகம் தெரியாது. பெரிய நகரத்தில் படித்துப் பட்டம் வாங்கியவருக்குக் கணக்கு தெரியும், தோலைத் தொட்டதே கிடையாது. இரண்டும் ஒரே தலையில் இருக்கும் ஆள் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கவில்லை.

கிடைக்காத பொருளை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். 1925இல் தோமாஷ் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பேர், பாட்டா வேலைப் பள்ளி.

காலையில் ஃபேக்டரி, மாலையில் வகுப்பு

பள்ளி முடித்த பதினாலு வயதுப் பையன்களைத்தான் சேர்த்தார்கள். பெரும்பாலும் கிராமத்து, ஏழை வீட்டுப் பிள்ளைகள். சில வருஷத்தில் பெண்களுக்கும் இதே மாதிரி ஒரு பள்ளி வந்தது.

பையன்களின் ஒரு நாள் இப்படிப் போகும். விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சி. பிறகு ஃபேக்டரியில் முழு ஷிஃப்ட், பெரியவர்களோடு அதே மெஷினில், நிஜமான வேலை. சாயங்காலம் வகுப்பு: தோல், ரப்பர் பற்றிய பாடம், மெஷின், வரைபடம், கணக்குப் பதிவு, வெளிநாட்டு மொழி. இரவு குறித்த நேரத்தில் விளக்கணைத்துவிடணும். ஒரே பிரிவில் உட்கார வைக்காமல் பல பிரிவுகளுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது பண விஷயம். பையன்களுக்கு முதல் வாரத்திலிருந்தே கூலி உண்டு. அந்தக் கூலியில்தான் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, துணி எல்லாம். மிச்சம் சேமிப்புக் கணக்குக்குப் போகும். வீட்டிலிருந்து காசு வாங்கும் பேச்சே கிடையாது. ஒவ்வொருவனும் தன் வரவு செலவைத் தானே எழுதி வைக்கணும். ஒர்க்‌ஷாப் கணக்கு எழுதப் போகிறவன் முதலில் தன் பாக்கெட் கணக்கை எழுதிப் பழகட்டும் என்பதுதான் இதன் லாஜிக்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ஸ்லீனில் ஃபேக்டரிக் கட்டடங்கள் ஒரே அளவுச் சட்டகத்தில் எழுந்தன. தூணுக்குத் தூண் 6.15 மீட்டர். கான்கிரீட் சட்டம், நடுவில் சிவப்புச் செங்கல், பெரிய கண்ணாடி. பள்ளிக்கூடம், பையன்கள் தங்கிய ஹாஸ்டல் என்று மற்ற பொதுக் கட்டடங்களுக்கும் அதே முறையைப் பயன்படுத்தினார்கள். அச்சு ஒன்று, வேகம் அதிகம், செலவு குறைவு. ஃபேக்டரியும் பள்ளியும் பார்க்க ஒரே மாதிரி இருந்த ஊர் அது.

இந்தப் பள்ளியில் படித்துக் கம்பெனியில் மேலே போனவர்கள் நிறையப் பேர். மேனேஜர்கள் வெளியிலிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்து ஏறி வந்தார்கள். வேறு திசையில் ஓடியவரும் ஒருவர் உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஸாடோபெக், இந்தப் பள்ளியில் படித்து ஸ்லீன் ஃபேக்டரியில் வேலை பார்த்த பையன்தான். 1941இல் ஊரில் நடந்த ஒரு பந்தயத்தில், விருப்பமே இல்லாமல், ஓடச் சொன்னதால் ஓடினார். அங்கேயிருந்துதான் அவர் ஓட்டம் ஆரம்பம்.

மறுபக்கத்தையும் பார்க்கணும்

இதுவரை படித்துவிட்டு ஆஹா என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் நிதானிப்போம்.

அந்த ஊரில் நீங்கள் வேலை செய்வது பாட்டாவுக்கு. குடியிருக்கும் செங்கல் வீடு பாட்டாவுடையது. சாமான் வாங்குவது பாட்டா கடையில். உடம்பு சரியில்லை என்றால் பாட்டா ஆஸ்பத்திரி. சினிமா பார்க்கப் போனால் அதுவும் பாட்டா தியேட்டர். மேயரும் பாட்டா. வேலை போனால் வீடும் போகும். தொழிற்சங்கத்துக்கு இடம் கிடையாது. பதினாலு வயசுப் பையன் பகலெல்லாம் மெஷினில் நின்றுவிட்டு மாலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் அவனுக்கு எவ்வளவு ஏறும் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரே, ஸ்வாதோப்லுக் துரெக், இந்த வாழ்க்கையைக் கடுமையாக விமர்சித்து 1933இல் ஒரு நாவல் எழுதினார். கம்பெனி கோர்ட்டுக்குப் போய் அதை நிறுத்தியது. ஒரு நாவலுக்கே இந்த நிலை என்றால், ஒர்க்‌ஷாப்பில் எதிர்த்துப் பேசுகிறவன் நிலை என்னவென்று நீங்களே யூகிக்கலாம்.

ஒரே தொழில் ஊரின் நிஜமான ஆபத்து இதுதான். ஏணி இருக்கும், நல்ல ஏணியாகவே இருக்கும். ஆனால் அது ஒரே ஒரு சுவரில்தான் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சுவர் இடிந்தால்?

மூடுபனியில் ஒரு காலை

1931 கடைசியில் தோமாஷ் தன் விமானத்தில் ஆசியப் பயணம் கிளம்பினார். இந்தியாவுக்கும் வந்தார். வெறுங்காலோடு நடந்த கோடிக்கணக்கான மக்களைப் பார்த்தார். மற்றவர்கள் இங்கே ஷூவுக்கு மார்க்கெட்டே இல்லை என்று நினைத்திருக்கலாம், அவர் கண்ணுக்கு எல்லாமே மார்க்கெட்டாகத் தெரிந்தது. கல்கத்தா பக்கத்தில் தொழில் ஆரம்பமானது. பிறகு 1934இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் பாட்டாநகர் என்ற ஊருக்கு அடிக்கல் போட்டார்கள். ஸ்லீனிலிருந்து வந்த செக் ஆட்கள்தான் அதைக் கட்டி நடத்தத் தொடங்கினார்கள். நம்ம ஊர்க் கம்பெனி என்று நாம் நினைத்ததற்குக் காரணம் அதுதான்.

பாட்டாநகரைத் தோமாஷ் பார்க்கவில்லை. 1932 ஜூலை 12ஆம் தேதி காலை, சுவிட்சர்லாந்தில் இருந்த புது ஃபேக்டரிக்குப் போக, ஸ்லீன் பக்கத்தில் ஒத்ரோகோவிட்சே விமானத் திடலுக்கு வந்தார். கடும் மூடுபனி. அதையும் மீறி ஜங்கர்ஸ் விமானம் கிளம்பியது. கொஞ்ச நேரத்திலேயே தரையில் மோதியது. அவரும் பைலட்டும் இறந்தார்கள். அவருக்கு வயது 56.

தம்பி முறையான யான் அன்டோனின் பாட்டா கம்பெனியை எடுத்து நடத்தினார். வேலைப் பள்ளி நிற்கவில்லை, வளர்ந்தது. 1930களின் நடுவில் அதற்கு மேல் ஒரு படியாக, ஆய்வுக்கூடங்களோடு உயர் படிப்புக்கான நிறுவனமும் ஸ்லீனில் வந்தது. சின்ன ஊராக இருந்த ஸ்லீனின் மக்கள்தொகை அந்தப் பத்தாண்டின் முடிவில் நாற்பதாயிரத்தைத் தொட்டது.

சுவர் இடிந்த பிறகு

அப்புறம் சுவர் இடிந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

முதல் தடவை 1945இல். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. தோமாஷின் மகன் கனடாவிலிருந்து உலக பாட்டாவை நடத்தினார். ஸ்லீன் ஃபேக்டரிக்கு வேறு பேர் வந்தது. 1949இல் ஊர்ப் பேரையே கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்ட் பேரில் மாற்றிவிட்டார்கள். 1990இல்தான் ஸ்லீன் என்ற பேர் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது தடவை 1990களில். சந்தை திறந்ததும் ஆசியாவிலிருந்து மலிவான ஷூ குவிந்தது. ஸ்லீனில் ஷூ தொழில் நொறுங்கியது. அமெரிக்காவில் தோமாஷ் கூலிக்கு நின்ற லின் ஊரின் ஷூ ஃபேக்டரிகளும் அதற்கு வெகு முன்பே மூடிப் போயிருந்தன.

ஆனால் ஸ்லீன் செத்த ஊராகவில்லை. ஏன்னு பாருங்க. ஷூவுக்காக ரப்பர் கற்றவர்கள் 1930களிலேயே டயர் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து ஒத்ரோகோவிட்சேயில் இன்றும் டயர் ஃபேக்டரி ஓடுகிறது. ஷூ மெஷினை ரிப்பேர் பார்த்தவர்கள் மெஷின் செய்யக் கற்றார்கள். விமானம்கூடக் கட்டினார்கள். விளம்பரப் படம் எடுக்க வந்த ஸ்டுடியோ பிறகு சினிமா ஸ்டுடியோ ஆனது. 1969இல், பர்னோ நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு ஸ்லீனில் தொடங்கியது. தோல், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் அதன் பாடங்கள். அந்தப் பிரிவுதான் வளர்ந்து 2001 ஜனவரி 1ஆம் தேதி தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் பேர், தோமாஷ் பாட்டா பல்கலைக்கழகம்.

பள்ளிப் படிப்பைத் தாண்டாத செருப்புத் தொழிலாளியின் பேரில் ஒரு பல்கலைக்கழகம்!

தோமாஷ் பையன்களுக்கு வெறும் ஷூ தைக்க மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால், ஷூவோடு ஊரும் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெஷின், ரப்பர், கணக்கு, மொழி என்று சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். தன் கம்பெனிக்காகத்தான் சொல்லிக் கொடுத்தார், தர்மத்துக்கு இல்லை. ஆனால் கற்றது கம்பெனியை விட அதிக நாள் நின்றது.

கடைசியா உங்களிடம் ஒன்று. நம்ம வகுப்பில் டிப்ளமோ முடித்து இரண்டாம் வருஷத்தில் நேராக வந்து சேர்ந்த நண்பர்கள் இருக்காங்க. மேத்ஸ் பேப்பரில் அவங்க தடுமாறும்போது நாம சிரிக்கிறோம். லேத்தில் நாம தடுமாறும்போது அவங்கதான் வந்து நிற்கிறாங்க. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தா என்ன ஆகும்? தோமாஷ் பாட்டா ஒரு ஊர் முழுக்கக் கட்டி அதைத்தான் செய்து பார்த்தார். நமக்கு ஒரு பெஞ்ச் போதும்.

ஸ்லீனில் அந்த 6.15 மீட்டர் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 14, 15 என்று எண் போட்ட இரண்டு பழைய ஃபேக்டரிக் கட்டடங்களில் இப்போது மெஷின் சத்தம் இல்லை. ஒரு அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் நூலகமும் இருக்கின்றன. ஷூ தைத்த அதே தளத்தில் இப்போது பசங்க உட்கார்ந்து படிக்கிறாங்க.

அடுத்த தடவை பாட்டா கடையைத் தாண்டும்போது, ஷூவை மட்டும் பார்க்காதீங்க. அடுத்த இதழில் சந்திப்போம்.